குழாய் தண்ணியில் குளோரின் வாடையா? முகம் சுளிக்காதீங்க... அதுதான் காவல்காரன்!

சென்னை,

குழாயைத் திறந்ததும் குப்பென்று ஒரு மருந்து வாடை. "பினாயில் ஊத்தின மாதிரி நாறுதே..." என்று குடத்து தண்ணீரை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு கேன் தண்ணிக்கு போன் போடும் வீடுகள் சென்னையில் ஏராளம். உண்மையில் பயப்பட வேண்டியது அந்த வாடைக்கு அல்ல. நேற்று வரை வந்த மருந்து வாடை திடீரென்று நின்று, தண்ணீர் கலங்கலாக வந்தால்தான் உஷாராக வேண்டும்.

சென்னை குடிநீர் வாரியம் தினமும் ஏறத்தாழ 100 கோடி லிட்டர் தண்ணீர் வினியோகம் செய்கிறது. பல கோடி ரூபாய் எந்திரங்களை வைத்துத்தான் அந்த தண்ணீர் சுத்தம் செய்யப்படுகிறது. அப்படி இருந்தும் சில தெருக்களில் மட்டும் தண்ணீர் நாறுகிறது. அந்த தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு வருகிறது. கோளாறு எங்கே? யார் பொறுப்பு? இதுபற்றிய விவரம் வருமாறு:-

வெள்ளைக்காரன் காலத்து கதை

1872-ம் ஆண்டில்தான் செங்குன்றம் ஏரி தண்ணீரை வாய்க்கால் வெட்டி கீழ்ப்பாக்கம் வரை கொண்டு வந்தார்கள். ஏரியில் இருந்தது எதுவோ, அதுவேதான் வீட்டுக்கு வந்தது. வடிகட்டும் வேலையே கிடையாது. 1914-ம் ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்த பிறகுதான் நகரத்துக்கு வடிகட்டிய தண்ணீர் கிடைத்தது. அந்த கீழ்ப்பாக்கம் நிலையம் இன்றும் வேலை செய்கிறது. அதன் திறன் நாள் ஒன்றுக்கு 27 கோடி லிட்டர்.

1978-ம் ஆண்டு குடிநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து தனி வாரியம் வந்தது. அதுதான் நாம் 'மெட்ரோ வாட்டர்' என்று சொல்லும் குடிநீர் வாரியம். இன்றைக்கு புழலில் 30 கோடி லிட்டர், செம்பரம்பாக்கத்தில் 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. வீராணம் ஏரியில் இருந்து 18 கோடி லிட்டர் கொண்டு வரும் திட்டம் 2004-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 200 கிலோ மீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து வரும் தண்ணீர் அது.

தேத்தாங்கொட்டை வைத்தியம்தான்!

ஏரி தண்ணீர் எப்படி குடிதண்ணீர் ஆகிறது? இது ஒன்றும் மந்திரம் அல்ல. நம் பாட்டி செய்த வேலைதான். கிணற்று தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மண் எல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் தேத்தாங்கொட்டைக்கு பதில் படிகாரம். அதைத்தான் ஆலம் என்கிறார்கள். தண்ணீரில் படிகாரத்தைக் கலந்து மெதுவாகச் சுழற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியும் மண்ணும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பஞ்சு மாதிரி திரளும். கனமானதும் தொட்டியின் அடியில் போய் படியும். சேறாகச் சேர்ந்ததை கீழே இருந்து எடுத்து விடுவார்கள்.

மேலே தெளிந்த தண்ணீர் அடுத்து மணல் படுகைக்குப் போகும். மணலுக்குக் கீழே ஜல்லி. மிச்சம் மீதி அழுக்கு அங்கே நின்று விடும். மணல் அடைத்துக் கொண்டால் கீழே இருந்து காற்றும் தண்ணீரும் செலுத்தி கழுவுவார்கள். இது நாள் தவறாமல் நடக்க வேண்டிய வேலை.

இந்தக் கட்டத்தில் தண்ணீர் பார்க்க பளிச்சென்று இருக்கும். ஆனாலும் குடிக்கக்கூடாது! கிருமி கண்ணுக்குத் தெரியாதே. அதைக் கொல்வதற்குத்தான் கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள்.

சிலர் கேட்கலாம், "குளோரின்தான் கொல்லுதே, அப்புறம் எதுக்கு படிகாரமும் மணலும்?" என்று. காரணம் இருக்கிறது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமிகள் மண்ணுக்குள் ஒளிந்து கொள்ளும். குளோரினும் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்து போகும். முதலில் தெளிய வைத்தால்தான் மருந்து வேலை செய்யும்.

கடல் தண்ணீர்

தென் சென்னையிலும் வட சென்னையிலும் பல வீடுகளுக்கு இப்போது கடல் தண்ணீர்தான் குடிதண்ணீர். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ம் ஆண்டு 10 கோடி லிட்டர் ஆலை திறக்கப்பட்டது. நெம்மேலியில் 2013-ம் ஆண்டு இன்னொரு 10 கோடி லிட்டர் ஆலை. அங்கேயே 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தது.

இங்கே வேலை வேறு மாதிரி. மெல்லிய சவ்வு வழியாக கடல் தண்ணீரை பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். உப்பு ஒரு பக்கம் நின்று விடும். நல்ல தண்ணீர் மறுபக்கம் வரும். உப்பு போன தண்ணீர் சப்பென்று இருப்பதோடு இரும்புக் குழாயையும் அரிக்கும். அதனால் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள். பிறகு இதற்கும் குளோரின் உண்டு.

ஏரி தண்ணீரோ கடல் தண்ணீரோ, கடைசியில் குளோரின் இல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது. இதுதான் அடிப்படை விதி.

அரை ஸ்பூன் கூட இல்லை!

இந்த குளோரின் எவ்வளவு தேவை தெரியுமா? உங்கள் வீட்டுக் குழாயில் வரும்போது ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லி கிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி. 9 ஆயிரம் லிட்டர் லாரி ஒன்றைக் கணக்கு போட்டுப் பாருங்கள். லாரி முழுக்க இருக்கும் குளோரின் 1.8 கிராம்தான். அரை ஸ்பூன் சர்க்கரை எடை கூட இல்லை!

"தினமும் குளோரின் குடிச்சா உடம்புக்கு ஆகுமா?" என்று பலருக்கும் பயம். லிட்டருக்கு 5 மில்லி கிராம் வரை இருந்தாலும் ஆயுள் முழுக்க குடிக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. நம் குழாயில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவைப் போல அது 25 மடங்கு.

சுத்திகரிப்பு நிலையத்திலேயே கிருமி செத்துப் போய்விட்டது. பிறகு ஏன் மிச்சம் வைக்கிறார்கள்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நிலையத்தில் இருந்து உங்கள் தெரு வரை தண்ணீர் பல கிலோ மீட்டர் வர வேண்டும். வழியில் எந்த ஓட்டையில் எந்தக் கிருமி புகுந்தாலும் அடித்துப் போட தண்ணீரோடு கூடவே ஒரு காவல்காரன் வர வேண்டும். அந்தக் காவல்காரன்தான் மிச்சம் இருக்கும் குளோரின். நீண்ட தூரம் போனால் குளோரின் தேய்ந்து போகும். அதனால் வழியில் உள்ள வினியோக நிலையங்களிலும் தேவைக்கு ஏற்ப சேர்க்கிறார்கள்.

கோளாறு எங்கே?

ஆக, நிலையத்தில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் தெருவுக்கு அடியில்தான்.

குடிநீர் குழாயும் கழிவுநீர் குழாயும் பக்கவாட்டில் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் முறை. 3 மீட்டர் என்றால் சுமார் 10 அடி. வட சென்னையில் பல சந்துகளின் அகலமே 10 அடி இருக்காது! அந்த சந்தில் குடிநீரும் சாக்கடையும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டித்தான் போக வேண்டி இருக்கிறது.

இரண்டும் பழைய குழாய். இதில் விரிசல் விட்டால் சாக்கடை மண்ணில் ஊறும். அதில் விரிசல் இருந்தால் ஊறியது உள்ளே போகும். பழைய வார்ப்பு இரும்புக் குழாய்களை மாற்றும் வேலை கட்டம் கட்டமாக நடக்கிறது. ஒரு பக்கம் மாற்றுவதற்குள் இன்னொரு பக்கம் கேபிளுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டி உடைத்து விடுகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குழாயில் எப்போதும் தண்ணீர் நிரம்பி, அழுத்தத்தோடு இருந்தால் விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். வெளி அழுக்கு உள்ளே வராது. ஆனால் இங்கே தண்ணீர் விடுவது சில மணி நேரம்தான். வால்வை மூடியதும் குழாய் காலியாகும். உள்ளே வெற்றிடம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி, விரிசல் வழியாக பக்கத்தில் தேங்கி நிற்பதை எல்லாம் குழாய் உறிஞ்சிக் கொள்ளும்.

அடுத்த முறை வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். "முதல் 10 நிமிஷம் நாத்தம் அடிக்குது, அப்புறம் சரியாயிடுது" என்று பெண்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். நாற்றம் போனாலும் கிருமி போய்விட்டது என்று அர்த்தம் அல்ல.

மோட்டார் செய்யும் வினை

தெருக்குழாயில் அழுத்தம் இல்லை. என்ன செய்கிறார்கள்? நேராக குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறார்கள். இது விதிப்படி தப்பு. மோட்டாரை பறிமுதல் செய்யலாம், இணைப்பையும் துண்டிக்கலாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மோட்டார் இழுக்கும்போது தெருக்குழாய் முழுக்க உறிஞ்சும் வேகம் கூடும். விரிசலுக்கு பக்கத்தில் இருக்கும் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கும். மோட்டார் போட்ட வீட்டுக்காரருக்கும் அந்த தண்ணீர்தான், மோட்டார் வாங்க வசதி இல்லாத கடைசி வீட்டுக்காரருக்கும் அந்த தண்ணீர்தான்.

அதற்காக பழியை எல்லாம் மக்கள் தலையில் போட்டு விட முடியாது. கைபம்பை அரை மணி நேரம் அடித்தும் ஒரு குடம் நிறையவில்லை என்றால் யார்தான் மோட்டார் வாங்க மாட்டார்? போதுமான அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் மோட்டாருக்கு வேலையே இல்லையே!

சோதனை எப்படி?

தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்க முழுதாக ஒரு நாளாவது ஆகும். கிருமி வளர்ந்தால்தானே தெரியும். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி ஒன்று கூட இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் ரிசல்ட் வருவதற்குள் அந்த தண்ணீரை தெருவே குடித்து முடித்திருக்கும்.

அதனால்தான் குளோரின் சோதனைக்கு அவ்வளவு முக்கியத்துவம். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு மருந்தை சொட்டு விட்டால் போதும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. நிறம் மாறவில்லை என்றால் இல்லை. ஒரு நிமிட வேலை.

இதில் ஒரு துப்பும் கிடைக்கும். சாக்கடை கலந்தால் குளோரின் அதோடு சண்டை போட்டு தீர்ந்து விடும். எனவே பக்கத்து தெருவில் மஞ்சள் வருகிறது, உங்கள் தெருவில் வரவில்லை என்றால் நடுவில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். காவல்காரன் செத்துக் கிடந்தால் திருடன் வந்து போயிருக்கிறான் என்று புரிந்து கொள்ள வேண்டியதுதான்.

பல்லாவரம் பாடம்

2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பல்லாவரம் பகுதியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்குடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உயிரிழப்பும் ஏற்பட்டது. குடிநீரில் சாக்கடை கலந்ததுதான் காரணம் என்று மக்கள் குமுறினார்கள். அரசு தரப்பு அதை மறுத்தது. தண்ணீர் மாதிரிகள் சோதனைக்குப் போயின.

யார் சொன்னது சரி என்ற சண்டை ஒரு பக்கம். அந்த தெருக் குழாய்களில் அதற்கு முந்தைய நாட்களில் தினமும் குளோரின் அளந்து, அந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தால் இந்த சண்டைக்கே இடம் இருந்திருக்காது. கணக்கு இருந்தால் உண்மை தெரியும். இல்லை என்றால் வதந்திதான் மிஞ்சும்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. வயிற்றுப்போக்கு ஓரிரு நாளில் தெரிந்து விடும். மஞ்சள் காமாலை அப்படி அல்ல. கெட்ட தண்ணீர் குடித்த 15 நாளில் இருந்து 50 நாள் வரை கழித்துக்கூட வரலாம். அதற்குள் குழாயை சரி செய்திருப்பார்கள், நாமும் மறந்திருப்போம். ஆஸ்பத்திரி செலவு மட்டும் நம் தலையில்.

யார் பணம் போகிறது?

குழாய் தண்ணீர் மேல் நம்பிக்கை போனால் வசதி உள்ளவர் ஆர்.ஓ. மிஷின் மாட்டுவார். நடுத்தரக் குடும்பம் கேன் வாங்கும். அன்றாடம் கூலிக்குப் போகிறவர் என்ன செய்வார்? கேன் வாங்கினால் கூலியில் துண்டு விழும். காய்ச்சினால் சிலிண்டர் சீக்கிரம் தீரும். இரண்டும் முடியாதவர் அப்படியே குடிப்பார். கடைசியில் ஜி.எச். வாசலில் நிற்பவரும் அவர்தான். வேலைக்குப் போகாத நாளுக்கு கூலியும் கிடையாது.

தெருக்குழாய் தண்ணீர் சுத்தமாக இருப்பது ஏழைக்கு சம்பள உயர்வு மாதிரி. அது கெட்டால் சம்பளம் பிடித்தம்!

கேள்வி - பதில்

கேள்வி:- ஆர்.ஓ. மிஷின் இருந்தால் கவலை இல்லையா?

பதில்:- மிஷின் கிருமியை நிறுத்தும். ஆனால் குளோரினையும் எடுத்து விடும். பிடித்து வைத்த தண்ணீருக்குக் காவல்காரன் கிடையாது. அழுக்கு டம்ளரை விட்டு எடுத்தால் கிருமி வளரும். மூடி வைத்து சீக்கிரம் குடித்து விட வேண்டும்.

கேள்வி:- கேன் தண்ணீர்?

பதில்:- அதுவும் அப்படித்தான். எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தேதி இரண்டையும் பாருங்கள். வெயிலில் கிடந்த கேன், சீல் உடைந்த கேன் வேண்டாம்.

கேள்வி:- எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்?

பதில்:- தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அரை மணி நேரம் கொதிக்க விட்டு கேசை வீணாக்க வேண்டாம். ஆறியதும் அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள்.

கேள்வி:- குளோரின் வாடை பிடிக்கவில்லையே?

பதில்:- அகலமான பாத்திரத்தில் மெல்லிய துணி போட்டு கொஞ்ச நேரம் வைத்தால் வாடை குறையும். அதற்குப் பிறகு நாள் கணக்கில் வைத்துக் குடிக்காதீர்கள்.

கேள்வி:- வாடை இருந்தால் தைரியமாக குடிக்கலாமா?

பதில்:- தண்ணீர் தெளிவாகவும் இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வாடை இருந்தாலும் குடிக்க வேண்டாம். லேசான குளோரின் மூக்குக்கு தெரியாமலும் போகலாம். சரியான கணக்கு சோதனையில்தான் தெரியும்.

நீங்க செய்ய வேண்டியது

தண்ணீர் நாறினால் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் நாறினால் உங்கள் தொட்டியில் கோளாறு. கழிவுநீர் தொட்டிக்கு ஒட்டினாற்போல் சம்ப் இருந்தால் அதையும் பாருங்கள். மழை வெள்ளம் சம்புக்குள் புகுந்து விட்டால் முழுக்க இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் புது தண்ணீர் பிடிக்க வேண்டும். 2015-ம் ஆண்டு வெள்ளத்திலும், 2023-ம் ஆண்டு மிச்சாங் புயலிலும் சென்னை படித்த பாடம் இது.

தெருவே நாறினால் 1916 என்ற எண்ணுக்கு குடிநீர் வாரியத்தில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். "ஆள் வந்து பார்த்தாங்க" என்பதோடு விட்டு விடாதீர்கள். "குளோரின் எவ்வளவு இருக்கு? எங்க முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலைதானே.

வாரியம் செய்ய வேண்டியது

ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தினமும் கணக்கு வெளியாகிறது. பூண்டியில் இவ்வளவு, புழலில் இவ்வளவு என்று டீக்கடையில் கூட பேசுகிறார்கள். அதே மாதிரி ஒவ்வொரு வார்டிலும் கடைசி தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் அளவு என்ன என்பதையும் தினமும் எழுதிப் போட வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு போர்டு வைக்கிறார்களே, அந்த மாதிரி ஒரு போர்டு போதும்.

அளவு 0.2-க்கு கீழே போனால் அன்றைக்கே அந்த தெருவுக்கு லாரி தண்ணீர் அனுப்ப வேண்டும். ஓட்டை எங்கே என்று தோண்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு தோண்டுவதற்கு பெயர் பராமரிப்பு அல்ல.

நிலையத்து வாசலில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழ் காட்டுவது சுலபம். மக்கள் குடிப்பது நிலையத்து வாசலில் அல்ல, சந்துக் குழாயில். அங்கே அளந்து காட்டட்டும். அப்புறம் சென்னைக்காரன் கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு தானாகவே குழாயடிக்கு வருவான்!